அப்டேட் போட்ட நாளிலிருந்து வைரஸ் கார்ட் விழுந்து விழுந்து எழும்புது – எங்கே பிடிச்சுத் திருத்துறது?

#1 – கொட்டாஞ்சேனை_கணக்கர்

கணக்கு எழுதுற ஒஃபிஸ், மூன்று மெஷின். மூன்றிலும் காசு கட்டின ஒரே வைரஸ் கார்ட் (அன்டிவைரஸ் சொஃப்ட்வெயார்). பெயர் போடல்ல, போட்டா பேச்சு வேறு பக்கம் போயிடும். திங்கட்கிழமை புது வேர்ஷன் தானாக இறங்கினது. அதுக்குப் பிறகு:

மெஷின் அ: விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம். வைரஸ் கார்ட் திறந்து கொஞ்ச நேரத்தில் மூடிக்கொள்ளுது, ஒவ்வொரு அப்டேட் நேரமும் இதே கதை.

மெஷின் ஆ: பழைய விண்டோஸ் 10. சிவப்புக் குறி, "பாதுகாப்பு இயங்கவில்லை". அதிலேயே இருக்கிற ஸ்டார்ட் பட்டனை அமத்தினாலும் ஒன்றும் நடக்கல்ல.

மெஷின் இ: விண்டோஸ் 11 லப்டொப். நீலத்திரை, ஒரு நாளைக்கு இரண்டு தரமாவது.

கழற்றித் திரும்பப் போட்டும் பார்த்தாச்சு. மூன்றுக்கும் ஒரே மருந்தா, இல்லாட்டி கம்பனியை மாத்துறதா?

#2 – வெள்ளவத்தை57

புரோகிராம் ஃபைல்ஸில இருக்கிற அவங்கட ஃபோல்டரை அழிச்சிட்டு, ரெஜிஸ்ட்ரியில (விண்டோஸ் தன்ர செட்டிங்ஸைப் பதிஞ்சு வைக்கிற இடம்) கம்பனிப் பெயரைத் தேடி வந்ததையெல்லாம் டிலீட் பண்ணுங்க. பிறகு புதுசா போடுங்க. பத்து நிமிஷ வேலை.

#3 – டிரைவர்_பித்தன்

57, தயவுசெய்து இந்த யோசனையை ஒருத்தருக்கும் சொல்லாதீங்கோ. வைரஸ் கார்ட் ஒரு சாதாரண சொஃப்ட்வெயார் இல்லை. அதின்ர சில டிரைவர்கள் (விண்டோஸுக்குள்ளேயே ஓடுற சின்னப் புரோகிராம்கள்) கீபோர்ட், டிஸ்க், நெட்வேர்க் அடுக்குகளுக்கு நடுவில போய் உட்கார்ந்திருக்கும். ரெஜிஸ்ட்ரியில "அப்பர் ஃபில்டர்ஸ்" என்று ஒரு பதிவு இருக்கு. டிரைவர் ஃபைலை அழிச்சிட்டு அந்தப் பதிவை விட்டா, அடுத்த ரீஸ்டார்ட்டில டிவைஸ் மனேஜரில் கோட் 39 காட்டி கீபோர்டே செத்துப் போகும். பாஸ்வேர்ட் அடிக்கக்கூட வழியிருக்காது. டிஸ்க் அடுக்கில நடந்தால் விண்டோஸே எழும்பாது.

கணக்கர் அண்ணா, கழற்றிப் பூட்டுறதை இப்போதைக்கு நிறுத்துங்கோ. ஒவ்வொரு தரம் கழற்றும்போதும் தடயம் அழியுது. "கிராஷ்" என்று சொல்றதில மூன்று வேறு வேறு சங்கதி இருக்கு: திரையில தெரியிற ஜன்னல் விழுறது, பின்னால ஓடுற சேர்விஸ் விழுறது, கேர்னலுக்குள்ள (விண்டோஸின்ர உள்மையம்) இருக்கிற டிரைவர் விழுறது. நீங்கள் எழுதினதைப் பார்த்தால் மூன்று மெஷினுக்கும் மூன்று நோய் போலத்தான் இருக்கு.

முதல்ல ஸ்டார்ட்டில "ரிலையபிலிட்டி" என்று அடிச்சால் ரிலையபிலிட்டி ஹிஸ்டரி வரும். திங்கட்கிழமைக் கட்டத்தில சிவப்புப் புள்ளி இருக்கும், அதைத் திறந்து பாருங்கோ. பிறகு ஈவென்ட் வியூவர், விண்டோஸ் லொக்ஸ். "அப்ளிகேஷன்" பகுதியில 1000 என்ற எண் புரோகிராம் விழுந்ததைச் சொல்லும். "சிஸ்டம்" பகுதியில 7031, 7034 என்றால் சேர்விஸ் ஓடி விழுந்தது. 7000 என்றால் சேர்விஸ் ஆரம்பிக்கவே இல்லை. அதுக்குக் கீழே இருக்கிற பிழை எண்தான் முக்கியம், அதை அப்படியே இங்க எழுதுங்கோ.

#4 – கொட்டாஞ்சேனை_கணக்கர்

பார்த்தேன்.

அ: 1000 இருக்கு. அதுக்குச் சற்று முன்னால சிஸ்டத்தில 2004, "ரிசோர்ஸ் எக்ஸோஷன் டிடெக்டர்".
ஆ: 7000. கீழே பிழை 577, டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று.
இ: இதில 1000ம் இல்லை, 7000ம் இல்லை. மினிடம்ப் ஃபோல்டரில (நீலத்திரை வரும்போது விண்டோஸ் எழுதி வைக்கிற பதிவு) நாலு ஃபைல் கிடக்கு.

#5 – டிரைவர்_பித்தன்

ஆ தான் லேசு. 577 என்றால் வைரஸ் கார்ட்டில பிழை இல்லை, அதின்ர கையொப்பத்தை உங்கட விண்டோஸுக்கு வாசிக்கத் தெரியாது. இப்ப பல பாதுகாப்புக் கம்பனிகள் மைக்ரோசொஃப்டின்ர புதிய கையொப்ப முறைக்கு மாறிவிட்டன. முதல்ல அஷூர் கோட் சைனிங் என்றார்கள், பிறகு டிரஸ்டட் சைனிங் என்றார்கள். எந்த விண்டோஸுக்கு எந்த அப்டேட் வேணும் என்ற பட்டியலை மைக்ரோசொஃப்ட் தன்ர உதவிக் குறிப்புகளில கேபி 5022661 என்ற எண்ணில வைச்சிருக்கு. வைரஸ் கார்ட் தானாக அப்டேட் ஆகி, விண்டோஸ் அப்டேட்டை மட்டும் நிப்பாட்டி வைச்சிருந்தால் இப்படித்தான் முடியும்.

"வின்வெர்" என்று அடிச்சு வேர்ஷன் எண்ணைப் பாருங்கோ. கட்டளைகளை ஆங்கில எழுத்திலதான் அடிக்க வேணும், நான் உச்சரிப்பை எழுதுறேன்.

#6 – கொட்டாஞ்சேனை_கணக்கர்

1909. விண்டோஸ் அப்டேட்டை சேர்விஸஸில டிசேபிள் பண்ணி வைச்சிருக்கு. டேட்டா மிச்சம் பிடிக்க கடைக்காரர் செய்து தந்தது.

#7 – நீலத்திரை

அதுதான் காரணம். கொழும்பில பாதிக் கடையில விண்டோஸ் போட்டுக் குடுக்கும்போது இதையும் ஒரு "சேவை"யாகச் செய்து குடுக்கிறாங்க. ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் (எந்தத் தளப் பெயர் எந்த முகவரிக்குப் போகவேணும் என்ற பட்டியல்) ஒருக்காப் பாருங்க: விண்டோஸ், சிஸ்டம் 32, டிரைவர்ஸ், ஈடிசி. அங்க வைரஸ் கார்ட் கம்பனியின்ர முகவரியோ மைக்ரோசொஃப்ட் முகவரியோ 127.0.0.1க்கு, அதாவது இந்த மெஷினுக்கே, திருப்பி விட்டிருந்தால், யாரோ கிராக் போட்டிருக்காங்க என்று அர்த்தம். அந்த வரிகளை எடுக்காமல் எந்த அப்டேட்டும் ஒழுங்கா முடியாது.

ஆ மெஷினை விண்டோஸ் 10இன்ர கடைசி வேர்ஷனான 22எச்2 வரை ஏத்துங்க. ஐஎஸ்ஓ (முழு இன்ஸ்டோல் ஃபைல்) ஐந்தாறு ஜிபி வரும். விண்டோஸ் 10 ஓடுற அ, ஆ இரண்டுக்கும் இரண்டு தரம் இறக்காமல் ஒரு பென் டிரைவில போட்டு வைச்சால் இரவு டேட்டாவிலேயே முடிஞ்சிடும். ஏத்தின பிறகும் 577 வந்தால் ரூட் சேர்ட்டிஃபிகேட்டை (கையொப்பங்களை நம்ப விண்டோஸ் பார்க்கிற மூலச் சான்றிதழ்) பாருங்க. "சேர்ட்எல்எம்" திறந்து, டிரஸ்டட் ரூட் பட்டியலில "மைக்ரோசொஃப்ட் ஐடென்டிட்டி வெரிஃபிகேஷன் ரூட் சேர்ட்டிஃபிகேட் ஒதோரிட்டி 2020" இருக்கவேணும். வழமையா நெட் இருந்தால் தானாக வரும். நெட் தடுத்து வைச்ச மெஷினில வராது.

#8 – புறக்கோட்டை_பில்மெஷின்

இடையில ஒரு கேள்வி. பில் போடுற மெஷின் விண்டோஸ் 7. அங்கேயும் இதே கையொப்பப் பிழை.

#9 – நீலத்திரை

அது இதின்ர பழைய பதிப்பு. 7க்கு ஷா-2 கையொப்பம் வாசிக்க கேபி 4490628, கேபி 4474419 இரண்டும் வேணும், முதல் சொன்னதை முதல் போடுங்க. ஆனால் விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 ஓடு ஆதரவு முடிஞ்சுது. புது வேர்ஷன் வைரஸ் கார்ட் அதில ஓடும் என்று நம்ப வேணாம். பில் மெஷினை நெட்டிலிருந்து பிரிச்சு, பென் டிரைவ் குத்துறதை நிப்பாட்டுங்க. அதில கிடைக்கிற பாதுகாப்பு எந்த வைரஸ் கார்ட்டிலும் கிடைக்காது.

#10 – டிரைவர்_பித்தன்

இப்ப அ. 2004 என்றால் மெமரி தீர்ந்து போச்சு. கேட்கலாம், 4 ஜிபியில இவ்வளவு காலம் ஓடினது இப்ப ஏன் விழுது என்று. காரணம் அப்டேட் நேரத்தில இருக்கு. பல எஞ்சின்கள் புது வைரஸ் பட்டியலை ஏத்தும்போது பழையதை உடனே இறக்கிறதில்லை. ஸ்கேன் தடைப்படக் கூடாது என்று இரண்டையும் கொஞ்ச நேரம் ஒன்றாக வைச்சிருக்கும், புதியது தயாரான பிறகு பழையதைக் கைவிடும். அந்த நேரத்தில மெமரிச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பு. கிளாம்ஏவி என்ற இலவச வைரஸ் கார்ட்டில இதை நிப்பாட்ட ஒரு தெரிவே இருக்கு, காசுக்கு விக்கிற பலதில அந்தத் தெரிவு கண்ணுக்குத் தெரியாது.

அண்ணா, பேஜிங் ஃபைல் (ரேம் போதாட்டி விண்டோஸ் டிஸ்க்கில பாவிக்கிற இடம்) நிப்பாட்டி வைச்சிருக்கா? எஸ்எஸ்டி தேயும் என்று பயந்து அதை சீரோவாக்கிற பழக்கமும் நம்மட கடைகளில இருக்கு. சிஸ்டம் புரொப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்ட், பெர்ஃபோமன்ஸ் செட்டிங்ஸ், திரும்ப அட்வான்ஸ்ட், வேர்ச்சுவல் மெமரி. "ஓட்டோமெட்டிக்" பெட்டியில சரி போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கோ. சீ டிரைவில குறைஞ்சது 10 ஜிபி காலியாக வைச்சுக்கொள்ளுங்கோ, பேஜிங் ஃபைலும் அதிலதான் வளரவேணும், அப்டேட் விரிக்கவும் இடம் வேணும்.

நிரந்தரத் தீர்வு இன்னொரு 4 ஜிபி ரேம். ரேம் வாங்க யூனிட்டி பிளாஸாவுக்குப் போறதுக்கு முன்னம் டாஸ்க் மனேஜரில மெமரியைத் திறந்து எத்தனை ஸ்லொட், என்ன வேகம் என்று எழுதிக்கொண்டு போங்கோ. டிடிஆர்3 போர்டுக்கு டிடிஆர்4 பொருந்தாது.

#11 – கொட்டாஞ்சேனை_கணக்கர்

பேஜிங் ஃபைல் "நோ". நீங்க சொன்னது சரிதான்.

#12 – தெஹிவளை_நிஸ்தார்

பித்தன் நானா, அதோட இன்னொன்று. கரண்ட் கட். அப்டேட் ஃபைல் விரிஞ்சு கொண்டிருக்கும்போது கரண்ட் போனா பாதி புது ஃபைல், பாதி பழைய ஃபைல். எஞ்சின் ஒரு வேர்ஷன், பட்டியல் வேறொரு வேர்ஷன். எழும்பும், விழும், எழும்பும். டெஸ்க்டொப் பாவிக்கிறவங்க சின்ன யூபிஎஸ் ஒன்றாவது வைக்கணும். இருந்தா அதுட பெட்டரியையும் சோதிக்கணும், பிளக்கைக் கழட்டிப் பாத்தா போதும். மதர்போர்ட் பெட்டரியும் அப்படித்தான், சிஆர் 2032. அது செத்தா ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் பிறகு திகதி பழைய வருஷத்துக்குப் போயிடும். சேர்ட்டிஃபிகேட் எல்லாம் செல்லாது, வைரஸ் கார்ட் லைசன்ஸும் செல்லாதுன்னு சொல்லும். ஆள் கம்பனிக்கு ஏசிட்டு இருப்பார், பிழை சின்னப் பெட்டரியில.

#13 – நீலத்திரை

இப்ப இ. நீலத்திரை என்றபடியால் நான் வாறேன்.

மினிடம்ப் நாலையும் வேறொரு ஃபோல்டருக்குக் கொப்பி பண்ணி வின்டிபிஜியில (டம்ப் ஃபைலை வாசிக்கிற கருவி) திறங்க, மைக்ரோசொஃப்ட் ஸ்டோரில இலவசம். "அனலைஸ்" கட்டளை ஓடின பிறகு "இமேஜ் நேம்" வரியில ஒரு டிரைவர் பெயர் வரும். நாலிலும் ஒரே பெயர் என்றால் குற்றவாளி பெரும்பாலும் அதுதான். நாலில நாலு பெயர் என்றால் ரேம் பிழையா இருக்கலாம், அப்ப வைரஸ் கார்ட்டை விட்டுட்டு ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் ஓட்டணும்.

அதுக்கு முன்னம் இன்னும் லேசான ஒரு பரிசோதனை. கமாண்ட் புரொம்ப்டை அட்மினாகத் திறந்து எஃப், எல், டி, எம், சி (fltmc) என்று ஐந்து எழுத்தை அடிங்க. ஃபைல் அடுக்கில உட்கார்ந்திருக்கிற ஃபில்டர்கள் (ஃபைல் திறக்கிறதை இடையில பார்க்கிற டிரைவர்கள்) பட்டியல் வரும், பக்கத்தில "அல்டிடியூட்" என்று எண் இருக்கும். 320000க்கும் 329999க்கும் இடையில வைரஸ் கார்ட்களுக்கான இடம். 328010 விண்டோஸோடயே வாற டிஃபெண்டர் வைரஸ் கார்ட்டுடையது, அதைக் கணக்கில எடுக்க வேணாம். அதைத் தவிர இரண்டு கம்பனிப் பெயர் 32 என்று தொடங்கினால், ஒரு உறையில இரண்டு வாள்.

#14 – கொட்டாஞ்சேனை_கணக்கர்

இருக்கு! லப்டொப் வாங்கும்போது கூட வந்த ட்ரயல் ஒன்று, கழற்றி ஒரு வருஷத்துக்கு மேல. அதின்ர ஃபில்டர் இன்னும் ஓடுது. நாலு டம்ப்பில மூன்றில அந்தப் பெயர்தான்.

#15 – டிரைவர்_பித்தன்

பழைய ஃபில்டரும் புது ஃபில்டரும் ஒரே ஃபைலைத் திறக்கிற நேரத்தில ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிக்கும், இல்லாட்டி ஒன்று விட்ட மெமரியை மற்றது தொடும். புது வேர்ஷன் ஃபைல் பார்க்கிற விதத்தை மாத்தியிருக்கும், அதனாலதான் இவ்வளவு நாள் சும்மா கிடந்தது இப்ப வெடிக்குது.

கழற்றுற ஒழுங்கு இது, வரிசையை மாத்தாதீங்கோ.

லைசன்ஸ் எண்ணை எழுதி வையுங்கோ. இரண்டு கம்பனியின்ரயும் அகற்றும் கருவியை அவரவர் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கோ. கூகிளில முதல் வாற "கிளீனர்" எல்லாம் வேறு விதத் தலையிடி. புது வைரஸ் கார்ட்டின்ர முழு ஓஃப்லைன் இன்ஸ்டோலரையும் இப்பவே இறக்கி வையுங்கோ, சின்ன ஒன்லைன் இன்ஸ்டோலர் வேணாம்.

அடுத்தது பிட்லொக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற வசதி) திறவுகோல், 48 இலக்கம், அதை எடுத்து வையுங்கோ. விண்டோஸ் 11 லப்டொப்களில கேட்காமலேயே பூட்டியிருக்கும். மைக்ரோசொஃப்ட் கணக்குக்குள்ள போய்ப் பார்த்துப் பேப்பரில எழுதுங்கோ. இது இல்லாமல் சேஃப் மோடுக்கு (அத்தியாவசியமானது மட்டும் ஓடுற விண்டோஸ்) போகவேண்டாம்.

ஓடிக்கொண்டிருக்கிற வைரஸ் கார்ட்டை முதல்ல வழமையான மாதிரி செட்டிங்ஸிலிருந்து கழற்றுங்கோ. சேஃப் மோடில விண்டோஸ் இன்ஸ்டோலர் சேர்விஸ் ஓடாது, அதனால அங்க போய்க் கழற்றப் பார்த்தால் பல நேரம் பிழைதான் வரும். டாஸ்க் மனேஜரில எண்ட் டாஸ்க் அடிக்காதீங்கோ. அட்மினாக இருந்தாலும் "அக்சஸ் டினைட்" என்றுதான் சொல்லும், அது பழுதில்லை, பாதுகாக்கப்பட்ட புரோசஸ்.

பிறகு ஷிஃப்ட்டை அமத்திக்கொண்டு ரீஸ்டார்ட். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், 4. எம்எஸ்கொன்ஃபிக் வழியாகப் போகாதீங்கோ. அதில டிக் போட்டால் எடுக்கும்வரை ஒவ்வொரு தரமும் சேஃப் மோடுக்கே போகும், உள்ளே பின் இலக்கம் ஏற்காட்டி வெளிய வர வழி தெரியாமல் நிக்க வேண்டி வரும். கணக்குப் பாஸ்வேர்டைக் கையில வைச்சிருங்கோ.

சேஃப் மோடில முதலில பழைய ட்ரயலின்ர கருவி, ரீஸ்டார்ட், திரும்ப சேஃப் மோட், பிறகு இப்போதைய கம்பனியின்ர கருவி. சாதாரண விண்டோஸுக்கு வந்ததும் அந்த ஐந்தெழுத்துக் கட்டளையைத் திரும்ப அடிங்கோ. 32 வரிசையில டிஃபெண்டர் மட்டும் நின்றால் சுத்தம்.

ஒரு நாள் அப்படியே விடுங்கோ. மற்றது இல்லாட்டி டிஃபெண்டர் தானாக எழும்பும், மெஷின் காவல் இல்லாமல் கிடக்காது. நீலத்திரை வரல்ல என்று நிச்சயமான பிறகுதான் திரும்பப் பூட்ட வேணும்.

#16 – தெஹிவளை_நிஸ்தார்

இதில ஒரு வரியைத் தடிச்ச எழுத்தில போடணும்: ரீஸ்டார்ட் வேற, ஷட் டவுன் வேற. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் (விண்டோஸ் கெதியா எழும்புற வசதி) ஓன்ல இருந்தா ஷட் டவுன் அடிச்சு திரும்பப் போட்டாலும் பழைய கேர்னலைத்தான் டிஸ்க்கிலருந்து எடுத்து வைக்கும். மாத்த வேண்டிய டிரைவர் ஃபைல் மாறாது. "நாலு தரம் ஓஃப் பண்ணி ஓன் பண்ணிட்டேன்" என்கிறவங்க உண்மையில ஒரு தரமும் பண்ணல்ல. ரீஸ்டார்ட் அடிங்க, இல்லாட்டி ஷிஃப்ட் பிடிச்சு ஷட் டவுன்.

#17 – மோதரை_மாணவி

அண்ணாமார், கழற்றின பிறகு நெட் வேலை செய்யல்ல. வைஃபை கனெக்ட் ஆகுது, பேஜ் ஒன்றும் திறக்குதில்லை. இதே வைரஸ் கார்ட்டா என்று தெரியாது.

#18 – நீலத்திரை

எதுவென்றாலும் காரணம் ஒன்றுதான் தங்கச்சி, நெட்வேர்க் ஃபில்டர் பின்னால தங்கிட்டுது. "என்சிபிஏ டொட் சிபிஎல்" அடிச்சு, வைஃபையில ரைட் கிளிக், புரொப்பர்ட்டீஸ். பட்டியலில வைரஸ் கார்ட் பெயரோட ஒன்று இருந்தால் அதைத் தெரிவு செய்து அன்இன்ஸ்டோல். பிறகு அட்மின் கமாண்ட் புரொம்ப்டில "நெட்எஸ்எச் வின்சொக் ரீசெட்", ரீஸ்டார்ட். அப்பவும் வராட்டி செட்டிங்ஸில நெட்வேர்க் ரீசெட், ஆனா சேமிச்ச வைஃபை பாஸ்வேர்டெல்லாம் போகும், முதல்ல எழுதி வையுங்க.

பேஜ் திறந்து சேர்ட்டிஃபிகேட் பிழை மட்டும் வந்தால் வேறு கதை. எச்டிடிபிஎஸ் ஸ்கேன் பண்ண வைரஸ் கார்ட் தன்ர ரூட் சேர்ட்டிஃபிகேட்டை நடுவில வைச்சிருக்கும். பேங்க் தளத்தில முகவரிக்குப் பக்கத்தில இருக்கிற குறியை அமத்தி, சேர்ட்டிஃபிகேட் குடுத்தது யார் என்று பாருங்க. கம்பனியின்ர பெயர் இருந்தால் அந்த ஸ்கேனை ஓஃப் பண்ணினாலே போதும்.

#19 – வெள்ளவத்தை57

சரி, ரெஜிஸ்ட்ரி யோசனையை வாபஸ் வாங்குறேன். ஆனா கேக்கிறேன், இவ்வளவு வில்லங்கம் எதுக்கு? டிஃபெண்டரோட விட்டா என்ன?

#20 – டிரைவர்_பித்தன்

வீட்டு மெஷினுக்கு டிஃபெண்டர் போதும் என்பதுதான் என்ர அபிப்பிராயமும். ஒஃபிஸில ஒரே இடத்திலிருந்து பத்து மெஷினைப் பார்க்கிற வசதி வேணுமென்றால் காசு கட்டினதுக்கு நியாயம் இருக்கு. ஆனா "வேறு கம்பனிக்கு மாறினால் விழாது" என்று நினைச்சு மாறாதீங்கோ.

2024 ஜூலை 19 ஞாபகமிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பனி அனுப்பின 291ஆம் இலக்க சானல் ஃபைல், கொழும்பு நேரம் காலை 9.39க்கு வெளிவந்தது. 10.57க்குத் திருப்பி எடுத்தார்கள். அந்த 78 நிமிடத்தில ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் மெஷின் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசொஃப்ட் கணக்குச் சொன்னது. அது புது வேர்ஷன்கூட இல்லை, சாதாரண உள்ளடக்க அப்டேட். 21 உள்ளீடு எதிர்பார்த்த இடத்தில 20தான் வந்தது, 21ஆவதைத் தேடிப் போன டிரைவர் தனக்குச் சொந்தமில்லாத மெமரியை வாசிச்சது, கேர்னலோட சேர்ந்து விழுந்தது. 2010 ஏப்ரல் 21 இல மக்காஃபி வைரஸ் கார்ட்டின்ர 5958 பட்டியல் வேறு விதம். விண்டோஸ் எக்ஸ்பி எஸ்பி3 இல இருந்த விண்டோஸின்ர சொந்த "எஸ்விசிஹோஸ்ட்" ஃபைலையே வைரஸ் என்று பிடிச்சது, மெஷின் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட். இரண்டும் பெரிய கம்பனிகள்தான்.

#21 – தெஹிவளை_நிஸ்தார்

டிஃபெண்டர்னாலும் விண்டோஸ் அப்டேட் ஓடணும். விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14 ஓட வழமையான ஆதரவு முடிஞ்சுது. நீட்டிப்புத் திட்டத்தில சேர்ந்தா வீட்டுப் பாவனைக்கு 2026 ஒக்டோபர் 13 வரை. கணக்கர் நானாட அ, ஆ இரண்டும் அந்த வரிசையில நிக்குது. ரேம் வாங்குற காசை அதையும் யோசிச்சுட்டு செலவழிங்க.

#22 – கொட்டாஞ்சேனை_கணக்கர்

நிலைமை: அ பேஜிங் ஃபைல் போட்ட பிறகு இரண்டு அப்டேட் தாண்டிட்டுது, விழல்ல. ஆ 22எச்2 ஏத்தினதும் சேர்விஸ் தானாக எழும்பினது. இ டிஃபெண்டரோட ஓடுது, நீலத்திரை இல்லை.

புதுப் பிரச்சினை: அ மெஷினில பாமினி அடிக்கிற டைப்பிங் சொஃப்ட்வெயாரை வைரஸ் கார்ட் தூக்கி குவாரண்டைனில (பிடிச்சதை அடைச்சு வைக்கிற இடம்) போட்டுட்டுது. ஒஃபிஸ் கடிதமெல்லாம் அதில.

#23 – நீலத்திரை

தமிழ் டைப்பிங் சொஃப்ட்வெயார் பலது நீங்க அமத்துற ஒவ்வொரு விசையையும் இடையில பிடிச்சு மாத்தும். அடிக்கிறதைத் திருடுற கீலொகரும் அதையேதான் செய்யும், அதனால சந்தேகப்படுறது புதினமில்லை. ஆனா கண்ணை மூடிக்கொண்டு ரிஸ்டோர் அடிக்காதீங்க. குவாரண்டைனில அதின்ர முழுப் பாதையைப் பாருங்க, நீங்க இன்ஸ்டோல் பண்ணின இடம்தானா? டெம்ப் ஃபோல்டரிலிருந்து ஓடினதென்றால் விட்டுடுங்க. சரியான இடம் என்றால், செய்தவரின்ர தளத்திலிருந்து புதுசா இறக்கி, அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் விலக்குக் குடுங்க. ஃபோல்டர் முழுக்க விலக்குக் குடுத்தால் பிறகு வாறவன் அந்த ஃபோல்டருக்குள்ளதான் குடியிருப்பான்.

#24 – கொட்டாஞ்சேனை_கணக்கர்

சரி. இ மெஷினில திரும்பப் பூட்டினா ஒழுங்கா வேலை செய்யுதா என்று எப்படிப் பார்க்கிறது? பச்சைக் குறியை நம்பலாமா?

#25 – டிரைவர்_பித்தன்

நம்பாதீங்கோ. எய்க்கார் சோதனை ஃபைல் என்று ஒன்று இருக்கு, 68 எழுத்து, ஒரு கெடுதியும் செய்யாது. எல்லா வைரஸ் கார்ட்டும் அதைப் பிடிக்கவேணும் என்று பொதுவில ஒத்துக்கொண்டது. எய்க்கார் தளத்திலிருந்து இறக்கிப் பாருங்கோ. இறங்கும்போதே பிடிச்சால் எஞ்சினும் ஃபில்டரும் உயிரோட இருக்கு. டெஸ்க்டொப்பில சும்மா கிடந்தால் குறி என்ன நிறமென்றாலும் காவல் இல்லை.

பூட்டின பிறகு செட்டிங்ஸில புது வேர்ஷன் அப்டேட்டையும் வைரஸ் பட்டியல் அப்டேட்டையும் தனித்தனியாகப் பிரிக்க முடியுமா என்று பாருங்கோ. பட்டியல் தானாக இறங்கட்டும். வேர்ஷனை முதல்ல அ மெஷினில மட்டும் விட்டு, மூன்று நாள் கழிச்சு மற்ற இரண்டுக்கும் விடுங்கோ. மாதக் கடைசியில, கணக்கு முடிக்கிற கிழமையில வேண்டவே வேண்டாம்.

#26 – கொட்டாஞ்சேனை_கணக்கர்

அ மெஷினில சம்பளக் கணக்கு இருக்கு. முதல் ஆளா ஆ மெஷினைப் போடுறேன்.